சால்டரா, ஸ்லாட்டா? லேப்டாப் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி



லேப்டாப் வாங்கப் போறேன்னு வீட்டில் வாயைத் திறந்தாலே போதும், ஆளாளுக்கு ஒரு யோசனை வந்துடும். "ஐ5 போதுமா, ஐ7 வாங்கலாமா?" என்று மாமா கேட்பார். "கிராபிக்ஸ் கார்டு இருக்கா?" என்று எதிர்வீட்டு அண்ணா கேட்பார். "எவ்ளோ வெயிட்டுப்பா, தினமும் தூக்கிட்டுப் போகணுமே?" என்று அம்மா கவலைப்படுவாங்க. இதுக்கெல்லாம் கடைக்காரர் பதில் வைத்திருப்பார். ஆனால் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கு: இதில் எதையெல்லாம் பின்னாடி நாமே மாத்திக்கலாம், எதெல்லாம் போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணியிருக்கு?

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். முதல் வருஷம் சேரும்போது வாங்குகிற லேப்டாப் நாலு வருஷம் ஓடணும். நம்மில் நிறையப் பேருக்கு அது கல்விக் கடனிலிருந்தோ, வீட்டில் சீட்டு எடுத்த காசிலிருந்தோ வருகிற பொருள். நடுவில் இன்னொன்று கேட்க முடியாது. ஆனால் முதல் செமஸ்டர் சி புரோகிராமுக்குத் தேவைப்படுவது வேறு, ஏழாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்குத் தேவைப்படுவது வேறு. நம்மோடு சேர்ந்து லேப்டாப்பும் வளரணும்னா, அதுக்குள்ளே வளர இடம் இருக்கணும்.

எல்லாம் எப்போ ஒட்டிக்கிச்சு?

டெஸ்க்டாப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. பிராசசர் பிடிக்கலையா, சாக்கெட்டைத் திறந்து வேற போடலாம். கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கி மாத்தலாம். லேப்டாப்பிலும் ஒரு காலத்தில் ஓரளவு இப்படி இருந்தது. இன்டெல்லின் நாலாம் தலைமுறை பிராசசர்கள், அதாவது 2013இல் வந்த ஹாஸ்வெல் வரைக்கும், சாக்கெட்டில் பொருத்துகிற லேப்டாப் பிராசசர்கள் கிடைத்தன. அதுக்கப்புறம் வழக்கமான லேப்டாப்களில் பிராசசர் போர்டிலேயே சால்டர் ஆகிவிட்டது.

ரேமும் அதே பாதையில் போனது. 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் ரேமை சால்டர் பண்ணி, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியது. சாதனங்களைக் கழட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிற ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதுக்கு 10க்கு 1 கொடுத்தது. பிறகு மற்ற கம்பெனிகளின் மெல்லிய லேப்டாப்களிலும் இது பரவியது.

இதுக்குப் பின்னால் வெறும் பேராசைதான் என்று சொன்னால் அது நியாயம் இல்லை. ஈசிஇ மக்களுக்கு இது எளிதாகப் புரியும். ஸ்லாட்டில் போடுகிற சோடிம் ரேம் பிராசசரிலிருந்து தள்ளி இருக்கும். சிக்னல் நீளமான டிரேஸ் வழியாகவும் ஒரு கனெக்டர் வழியாகவும் போய்வரணும். எல்பிடிடிஆர் வகை ரேமை பிராசசருக்குப் பக்கத்திலேயே சால்டர் பண்ணுகிறார்கள். பாதை குறைவதால் வேகத்தைக் கூட்டலாம், மின்சாரமும் மிச்சம். லேப்டாப்பில் டிடிஆர்5 சோடிம் பெரும்பாலும் 4800 அல்லது 5600 வேகத்தில் ஓடும்போது, எல்பிடிடிஆர்5எக்ஸ் 7500, 8533 என்று போகிறது. 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசர் பேக்கேஜுக்குள்ளேயே போய்விட்டது: ஒன்று 16 ஜிபி, இல்லன்னா 32 ஜிபி. வாங்குகிற அன்றைக்கு எதைத் தேர்ந்தெடுத்தீங்களோ, கடைசி வரைக்கும் அதுதான்.

ஆக, சால்டர் பண்ணின லேப்டாப் கெட்ட லேப்டாப் இல்லை. மெலிசா இருக்கும், பேட்டரி நிற்கும். ஆனால் அதை வாங்குகிற முறை வேற.

எதை மாத்தலாம், எதை மாத்த முடியாது?

இன்றைக்குக் கடையில் கிடைக்கிற லேப்டாப்களை வைத்து ஒரு பட்டியல்:

• பிராசசர்: மாத்த முடியாது.

• கிராபிக்ஸ் சிப்: மாத்த முடியாது. அதோட சொந்த மெமரியும் அப்படித்தான். 4 ஜிபி என்றால் 4 ஜிபிதான். மெஷின் லேர்னிங் பக்கம் போக நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

• ரேம்: மாடலைப் பொறுத்தது. இரண்டு ஸ்லாட், ஒன்று சால்டர் மற்றொன்று ஸ்லாட், முழுக்க சால்டர் என்று மூன்று வகை உண்டு.

• எஸ்எஸ்டி: பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எம்.2 ஸ்லாட்டில் இருக்கும், மாத்தலாம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டையான வகைகளும் உண்டு. உங்க ஸ்லாட் எந்த நீளத்துக்கு இடம் கொடுக்குதுன்னு பார்த்து வாங்கணும். சிலவற்றில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாகவே வரும். அது பெரிய அதிர்ஷ்டம்.

• வைஃபை கார்டு: பலவற்றில் மாத்தலாம், சிலவற்றில் சால்டர். ஒரு எச்சரிக்கை: இன்டெல்லின் ஏஎக்ஸ்210 பொதுவான கார்டு, ஏஎக்ஸ்211 அதுக்கான இன்டெல் பிராசசர்களோடு மட்டும்தான் வேலை செய்யும். பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், பார்த்து வாங்குங்க.

• பேட்டரி: பெரும்பாலும் உள்ளே ஸ்க்ரூ போட்டு இருக்கும். மாத்தலாம், ஆனால் அந்த மாடலுக்கே உரியதுதான் பொருந்தும்.

• டிஸ்ப்ளே: சர்வீஸ் கடையில் மாத்தலாம். நாமே செய்கிற வேலை இல்லை.

காசை எங்கே போடணும்?

இந்தப் பட்டியலிலிருந்து ஒரு எளிய விதி வருது. மாத்த முடியாததுக்கு இப்பவே செலவு பண்ணுங்க. மாத்த முடிஞ்சதுக்குத் தேவை வரும்போது செலவு பண்ணுங்க.

உதாரணமாக, ஒரே விலையில் இரண்டு லேப்டாப் இருக்குன்னு வைச்சுக்குவோம். முதலாவதில் சுமாரான பிராசசர், 1 டிபி எஸ்எஸ்டி. இரண்டாவதில் நல்ல பிராசசர், 512 ஜிபி எஸ்எஸ்டி. போஸ்டரில் பெரிய எண் எதில் இருக்கோ அதைத்தான் கை தேடும். ஆனால் 512 ஜிபியை ரெண்டு வருஷம் கழிச்சும் 1 டிபி ஆக்கலாம். சுமாரான பிராசசரை எந்த வருஷத்திலும் நல்ல பிராசசர் ஆக்க முடியாது. ஸ்லாட் இருந்தால் ரெண்டாவதுதான் சரி.

அதே விதியைத் திருப்பிப் போடுங்க. ரேம் முழுக்க சால்டர் என்றால் 8 ஜிபி மாடல் பக்கமே போகாதீங்க. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்ட குறைந்தபட்சம் 16 ஜிபி வேணும்னு கூகுளே சொல்லுது. சாலிட்வொர்க்ஸும் 16 ஜிபி கேட்கும். குரோமில் இருபது டேப், பக்கத்தில் மேட்லேப், பின்னாடி ஒரு வர்ச்சுவல் மெஷின் என்று நாம வாழ்கிற வாழ்க்கைக்கு 8 ஜிபி எத்தனை நாளைக்கு?

எங்க டிபார்ட்மென்டில் ஒருத்தன் இருக்கான். "8 ஜிபி இப்போதைக்குப் போதும் தம்பி, அப்புறம் ஏத்திக்கலாம்"னு கடையில் சொன்னதை நம்பி அவங்க அப்பா வாங்கிக் கொடுத்தார். மூணாவது வருஷம் ரேம் ஏத்தலாம்னு பின்பக்கத்தைத் திறந்தால், ஸ்லாட்டே இல்லை. இன்றைக்கும் அந்த லேப்டாப்பில் பிராசசர் நல்லா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா இருக்கு, கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியலை. ஆனால் ப்ராஜெக்ட் மட்டும் ஓடாது. சாயங்காலம் லேப் பூட்டுகிற வரைக்கும் காலேஜ் சிஸ்டத்தில் உட்கார்ந்து செய்வான். அதுக்கப்புறம் ஹாஸ்டலில் யார் லேப்டாப் சும்மா இருக்கோ அதைக் கேட்பான். புது லேப்டாப் வேணும்னு வீட்டில் கேட்க அவனுக்கு மனசு வரலை. முதல் லேப்டாப்போட கடனே இன்னும் முடியலையாம்.

வாங்குகிற அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

ஸ்லாட் இருக்கு. ஆனால் எத்தனை?

இரண்டு ஸ்லாட் இருக்கிற லேப்டாப்பில் 16 ஜிபி இரண்டு விதமாக வரும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக், அல்லது ஒரே 16 ஜிபி ஸ்டிக். முதல் வகையில் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிட்டது; 32 ஜிபி ஆக்கணும்னா இரண்டையும் கழட்டி வைச்சுட்டு புதுசா ரெண்டு வாங்கணும். இரண்டாவது வகையில் இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கிச் சொருகினால் முடிஞ்சது.

ஆனால் ஒரே ஸ்டிக்கில் ஓட்டுவதுக்கு ஒரு விலை உண்டு. டிடிஆர்5, 5600 வேக ஸ்டிக் ஒன்றின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 5600ஐ 8ஆல் பெருக்குங்க: நொடிக்கு 44.8 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில் 89.6 ஜிபி. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்தும். அதனால் அங்கே இரண்டாவது ஸ்டிக் போட்டதும் கேமிலும் வீடியோ எடிட்டிங்கிலும் வித்தியாசம் தெரியும்.

பாதி சால்டர், பாதி ஸ்லாட் வகையும் மோசமில்லை. 8 ஜிபி சால்டர், கூட 16 ஜிபி ஸ்டிக் போட்டால் 24 ஜிபி. இதில் 16 ஜிபி டூயல் சேனலிலும், மீதி 8 ஜிபி சிங்கிள் சேனலிலும் ஓடும். வேலைக்கு ஆகும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

"அப்கிரேட் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா"ன்னுதான் பதில் வரும். அவர் எஸ்எஸ்டியை நினைச்சு சொல்லியிருக்கலாம். அதனால் நாமே பார்த்துக்கிறது நல்லது.

முதல் வழி, ஆவணம். மாடலின் முழு எண்ணை எடுத்துக்குங்க. ஒரே பெயரில் பத்து மாடல் இருக்கும், அதனால் கடைசி எழுத்து வரைக்கும் முக்கியம். லெனோவோ என்றால் பிஎஸ்ஆர்இஎஃப் என்று ஒரு தளமே இருக்கு. ரேம் எத்தனை ஸ்லாட், எவ்வளவு சால்டர், எம்.2 எந்த நீளம் எல்லாம் அதில் இருக்கும். ஹெச்பி மாடல்களுக்கு 'மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு' என்று தேடுங்க. டெல்லுக்கு 'ஓனர்ஸ் மேனுவல்'. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழட்டணும்னு படத்தோடு போட்டிருப்பாங்க.

இரண்டாவது வழி, கடையில் ஓடிக்கொண்டிருக்கிற டெமோ லேப்டாப். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பர்ஃபாமன்ஸ் போய் மெமரியைப் பாருங்க. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் ஸ்லாட்டில் இருக்கிற ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் சால்டர். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' எண்ணை மட்டும் நம்பாதீங்க. சால்டர் பண்ணின சிப்பையும் சில லேப்டாப் ஸ்லாட் என்றே காட்டும்.

மூணாவது வழி, ஸ்பெக்கில் எழுதியிருக்கிற ரேம் வகை. டிடிஆர்5 என்றால் ஸ்லாட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்பி என்று தொடங்கினால் கிட்டத்தட்ட எப்போதும் சால்டர்தான். விதிவிலக்கு ஒன்று வந்துக்கிட்டிருக்கு: எல்பிகேம்2 என்று ஒரு புது வகை மாட்யூல். எல்பிடிடிஆர் ரேமையே ஸ்க்ரூ போட்டுக் கழட்டி மாட்டலாம். 2024இல் லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இது வந்தது. விலை இன்னும் நம்ம பக்கம் வரலை.

முழுக்க நாமே பூட்டுகிற லேப்டாப்

இந்த யோசனையை எல்லை வரைக்கும் கொண்டு போனது ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம். ஆக்குலஸில் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த நிரவ் படேல் தொடங்கியது. 2021இல் வந்த அவங்க முதல் லேப்டாப்புக்கு ஐஃபிக்ஸிட் 10க்கு 10 கொடுத்தது. டிஐஒய் எடிஷன் வாங்கினால் ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எதுவுமே இல்லாமல் வரும். நீங்களே வாங்கிப் போடணும். பழைய லேப்டாப்பிலிருந்து கழட்டினது பொருந்தினால் அதையே போட்டுக்கலாம்.

இதில் பெரிய விஷயம் மெயின்போர்டு. 2021இல் இன்டெல் 11ஆம் தலைமுறையோடு வாங்கினவங்க, அதே பாடியில், அதே கீபோர்டோடு, 12ஆம் தலைமுறை போர்டையோ பிறகு வந்த ஏஎம்டி போர்டையோ மாட்டிக்கலாம். ஏஎம்டிக்குப் போனால் ரேமும் டிடிஆர்5க்கு மாறணும், அவ்வளவுதான். கழட்டின பழைய போர்டை ஒரு பெட்டியில் போட்டுச் சின்ன கம்ப்யூட்டராக ஓட்டலாம். அவங்க 16 இஞ்ச் மாடலில் கிராபிக்ஸ்கூட தனி மாட்யூல்.

ஆனால் அவங்களுக்கும் இயற்பியல் விதிதான். 2025இல் அறிவித்த ஃப்ரேம்வொர்க் டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர்தான் பண்ணினாங்க. அதில் இருக்கிற ஏஎம்டி சிப்புக்கு 256 பிட் அகலத்தில் ரேம் வேணும். கழட்டி மாட்டுகிற மாட்யூலில் அந்த வேகத்தில் சிக்னல் சரியாக வரலை.

ஃப்ரேம்வொர்க் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு. அப்படி வந்தால் வாரண்டியும் உதிரிபாகமும் தலைவலி. நமக்கு நடைமுறையில் இரண்டு வகை கைக்கு எட்டும். ஒன்று, கொஞ்சம் தடியான கேமிங் லேப்டாப்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும். இன்னொன்று, ஆபீஸ்களுக்காகச் செய்கிற பிசினஸ் லேப்டாப்கள். லெனோவோ திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு ஐஃபிக்ஸிட் 9 மார்க் கொடுத்திருக்கு. புதுசு விலை அதிகம்தான், ஆனால் கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிவிட்டு விற்கிற பழைய பிசினஸ் லேப்டாப்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். மாடல் பார்த்து, பேட்டரி பார்த்து, பில்லோடு வாங்கணும்.

நாமே மாட்டும்போது

பயப்பட ஒன்றுமில்லை. நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, பழைய ஏடிஎம் கார்டு ஒன்று போதும்.

1. டேட்டாவை பேக்கப் எடுங்க. விண்டோஸ் 11இல் டிஸ்க் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கலாம். பிட்லாக்கர் ரெக்கவரி கீயை உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் பார்த்து எழுதி வைச்சுக்குங்க.

2. ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க.

3. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு பேப்பரில் லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு, எந்த மூலையில் எடுத்தீங்களோ அந்த மூலையிலேயே வைங்க.

4. ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்க. வெட்டு இருக்கிற பக்கம் பார்த்து, சாய்வாகச் சொருகி, கீழே அழுத்தினால் 'டக்'னு உட்காரும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது. வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காரலைன்னா அழுத்தாதீங்க, எடுத்துப் பாருங்க.

5. முதல் தடவை ஆன் பண்ணும்போது கொஞ்ச நேரம் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமைச் சோதிச்சுப் பழகுது. ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க.

எஸ்எஸ்டி மாத்தினால் விண்டோஸ் போயிடுமோன்னு கவலை வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது. அதே எடிஷனைப் புதுசா போட்டு, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

வாரண்டி பற்றி: ரேம், எஸ்எஸ்டி மாத்தினால் வாரண்டி நிற்குமான்னு வாங்குவதுக்கு முன்னாடியே கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைங்க. கழட்டின பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீங்க. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்தால் வாக்குவாதம் மிச்சம்.

அப்புறம் வாங்கினால் மலிவா இருக்குமா?

"ரேம் விலை வருஷா வருஷம் குறையும், மெதுவா வாங்கலாம்" என்று சீனியர்கள் சொல்வாங்க. நேர்மையாகச் சொன்னால், அது எப்போதும் உண்மை இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போனதில் 2025 கடைசியில் பல டிடிஆர்5 ஸ்டிக்குகளின் விலை சில மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான், நாம வாங்குகிற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது.

அதனால் ஸ்லாட் என்பது மலிவுக்கு உத்தரவாதம் கிடையாது. எப்போ வாங்கணும், யாரிடம் வாங்கணும், புதுசா பழசா என்று முடிவு பண்ணுகிற உரிமை உங்க கையில் இருக்கும், அவ்வளவுதான். விலை ஏறினால் ஒரு செமஸ்டர் பொறுக்கலாம். லேப்டாப் மாத்துகிற சீனியரிடம் அவர் கழட்டி வைத்த ஸ்டிக்கைக் கேட்கலாம். சால்டர் பண்ணினதில் இந்த எதுவுமே கிடையாது.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வருது. பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்பை விற்கும்போது அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று 10க்கு மார்க் போட்டு ஒட்டணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்துகிற மாதிரி வைக்கணும். நம்ம மத்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அதில் கொடுக்கிறாங்க.

அந்த மார்க் நம்ம கடை பெட்டியில் ஒட்டி வருகிற வரைக்கும் நாம் கேட்டுத்தான் ஆகணும். அடுத்த மாசம் உங்க தம்பி, தங்கச்சி, ஸ்கூல் ஜூனியர் யாராவது காலேஜ் சேர லேப்டாப் வாங்கப் போறாங்கன்னா, கூடப் போங்க. மாடல் எண்ணை முந்தின நாளே வாங்கி மேனுவலைப் பாருங்க. கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுங்க. பத்து நிமிஷ வேலைதான்.